சால்மன் பண்ணைகள்: லாபக் கணக்கும் கடலின் கணக்கும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையோ கொழும்போ சிங்கப்பூரோ, சூஷி கடையில் தட்டுக்கு வரும் ஆரஞ்சு நிற மீன் துண்டு பெரும்பாலும் நார்வேயிலோ சிலேயிலோ கூண்டில் வளர்ந்ததாக இருக்கும். இந்தத் தொழில் இப்படியே எத்தனை காலம் ஓடும், இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உலகின் வளர்ப்பு அட்லாண்டிக் சால்மனில் ஏறத்தாழப் பாதி நார்வேயிலிருந்து வருவதால், பதில்களும் பெரும்பாலும் அந்த நாட்டைச் சுற்றியே இருக்கும்.

சால்மன் பண்ணை எப்படி இயங்குகிறது?

முட்டை பொரிப்பதும் குஞ்சு வளர்வதும் கரையிலுள்ள நன்னீர்த் தொட்டிகளில் நடக்கின்றன. குஞ்சு உப்புநீருக்குப் பழகும் பருவத்தை அடைய ஓராண்டோ சற்றுக் கூடுதலோ ஆகும். அதன்பின் அதைக் கடலில் மிதக்கும் வட்ட வடிவ வலைக்கூண்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை தீவனம் தின்று நான்கைந்து கிலோ எடைக்கு வருகிறது. நார்வே சட்டப்படி ஒரு கூண்டில் 2 லட்சம் மீன்கள் வரை விடலாம். ஒரு கன மீட்டர் நீருக்கு 25 கிலோவுக்கு மேல் மீன் இருக்கக் கூடாது.

நார்வேயின் ஹித்ரா தீவில் 1970ஆம் ஆண்டு குரோன்ட்வெட் சகோதரர்கள் எண்கோணக் கூண்டு ஒன்றைச் செய்து 20,000 குஞ்சுகளை விட்டார்கள். இன்றைய தொழிலின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வலை என்பது ஓட்டைகளால் ஆனது. கடல்நீர் தடையின்றி உள்ளே வருவதால் மீனுக்கு ஆக்சிஜன் காசில்லாமல் கிடைக்கிறது. அதே நீர் கழிவையும் நோயையும் பேனையும் வெளியே கொண்டுபோகிறது. இந்தத் தொழில் மலிவாக நடப்பதற்கும் இதைப் பற்றிய சண்டைகள் ஓயாமல் இருப்பதற்கும் காரணம் அந்த ஓட்டைகள்தான்.

இதில் பணம் எவ்வளவு? யாருக்குப் போகிறது?

நார்வே ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது. 2023இல் சால்மன் ஏற்றுமதியின் மதிப்பு 12,000 கோடி குரோனரை (நார்வே நாணயம்) தாண்டியது. எண்ணெய், எரிவாயுவுக்கு அடுத்து அந்த நாடு வெளியே விற்கும் பெரிய பொருள்களில் இதுவும் ஒன்று. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்க் காலியாகிக்கொண்டிருந்த தீவுகள் பலவற்றில் பள்ளியும் கடையும் மூடாமல் இருப்பதற்குப் பண்ணைகள் காரணம். எதிர்ப்பவர்கள் பலர் இதைச் சொல்லத் தவறுகிறார்கள். அது நியாயமில்லை.

பண்ணை நடத்த உரிமம் வேண்டும். தொடக்க காலத்தில் உரிமங்களை அரசு இலவசமாகவே கொடுத்தது. 2020 ஏலத்திலோ ஒரு டன் கொள்ளளவுக்குச் சராசரியாக 2,20,000 குரோனர் கொடுக்க நிறுவனங்கள் தயாராக இருந்தன. பொதுச் சொத்தான ஃபியோர்டில் (மலைகளுக்கு இடையே நிலத்துக்குள் நீளும் கடல்) இடம் பிடிப்பதன் மதிப்பு என்னவென்று அந்தத் தொகை காட்டிவிட்டது. 2022 செப்டம்பரில் அரசு 40% வளவாடகை வரியை (பொது வளத்தில் ஈட்டும் மிகைலாபத்தின் மீதான வரி) முன்மொழிந்ததும் நிறுவனங்களின் பங்கு விலைகள் ஒரே நாளில் சரிந்தன. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2023இல் 25% என்று வரி முடிவானது. வழக்கமான 22% நிறுவன வரிக்கு மேல் இது தனி. பொதுக்கடலில் ஈட்டும் மிகைலாபத்தில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற வாதம் சரியானது என்றே நினைக்கிறேன். எண்ணெய்க்கு நார்வே அதைத்தான் செய்தது.

அப்படியானால் பொருளாதாரம் உறுதியாகத்தானே இருக்கிறது?

சிலேயைப் பாருங்கள். தென் அரைக்கோளத்துக் கடலில் சால்மன் இயற்கையாக இருந்ததே இல்லை. குஞ்சு கொண்டுபோய் வளர்த்துத்தான் சிலே உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தி நாடானது. 2007இல் அங்கே சால்மனுக்கு இரத்தசோகை வரவழைக்கும் வைரஸ் பரவியது. பண்ணைகள் அடுத்தடுத்து நெருக்கமாக இருந்ததால் தடுக்க முடியவில்லை. மூன்றாண்டுகளில் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள்.

2016 தொடக்கத்தில் நச்சுப்பாசி பெருகிச் சுமார் 40,000 டன் மீன் கூண்டுகளிலேயே மூச்சுத்திணறிச் செத்தது. அழுகிய மீனில் பல ஆயிரம் டன்னை அரசு அனுமதியுடன் சீலோ தீவுக்கு அப்பால் கடலில் கொட்டினார்கள். சில வாரங்களில் அந்தக் கரையோரம் செந்நீர்ப் பாசி வந்து சிப்பி எடுப்பதற்குத் தடை விழுந்தது. மீனவர்கள் சாலைகளில் டயர்களைக் கொளுத்தித் தீவையே முடக்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது அரசு அமைத்த நிபுணர் குழு. சீலோ மீனவர்கள் அதை ஏற்கவில்லை.

நார்வேயிலும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2012க்குப் பிந்தைய பத்தாண்டில் ஒரு கிலோவை வளர்க்கும் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. தீவன விலையும் குரோனரின் சரிவும் அதற்குக் காரணங்கள்தாம். ஆனால் மீனைப் பேனிடமிருந்து காப்பாற்றும் செலவும் அதில் பெரும் பங்கு. விற்பனை விலை இன்னும் வேகமாக ஏறியதால்தான் லாபம் தங்கியது.

பேனா? மீனுக்குமா?

ஆம். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் ஓட்டுடலி அது. பழுப்பு நிறம், தட்டையான கவசம், பெண் பேன் என்றால் பின்னால் நூல்போல் இரண்டு முட்டைச் சரங்கள் தொங்கும். மீனின் வழுவழுப்பையும் தோலையும் சுரண்டித் தின்னும். தலைக்கு மேல் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரியும் அளவுக்குத் தின்றுவிடும்.

நார்வேயில் வாரந்தோறும் பேன் எண்ண வேண்டும் என்பது சட்டம். கூண்டுக்குப் பத்து மீன், வசந்த காலத்தில் இருபது மீன். பணியாளர் கைவலையால் மீனைக் கோரி மயக்க மருந்து கலந்த தொட்டியில் விடுகிறார். அது அசைவற்றதும் கையுறைக் கைகளில் புரட்டிப் புரட்டி, வயிற்றுத் துடுப்புக்கு அடியிலும் வால் பக்கமும் தேடி, பேன்களை வகைவாரியாக எண்ணுகிறார். பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்கிறார். முடிந்ததும் மீன் கூண்டுக்குத் திரும்புகிறது. எந்தப் பண்ணையில் எத்தனை பேன் என்ற கணக்கு இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. இந்த வெளிப்படைத்தன்மைக்காக நார்வேயை மனதாரப் பாராட்டுகிறேன்.

வரம்பு என்ன தெரியுமா? சராசரியாக ஒரு மீனுக்கு அரைப் பெண் பேன். காட்டு சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் வசந்த வாரங்களில் 0.2. கேட்கும்போது மிகக் குறைவாகத் தெரிகிறது. 10 லட்சம் மீன் உள்ள ஒரு பண்ணைக்குக் கணக்குப் போடுங்கள். அரை வீதம் 5 லட்சம் பெண் பேன்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதாவது சட்டத்தை முழுக்க மதிக்கும் பண்ணையும் கோடிக்கணக்கான பேன் குஞ்சுகளை ஃபியோர்டில் விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வழியாக இருபது கிராம் எடையுள்ள காட்டுக் குஞ்சு நீந்திப் போக வேண்டும். பத்துப் பேன் ஏறினாலே அது பிழைப்பது கடினம். மீன் ஒன்றுக்கு எத்தனை என்று எண்ணுவதைவிட, ஃபியோர்டு ஒன்றுக்கு மொத்தம் எத்தனை என்று எண்ணுவதே பொருத்தமாக இருக்கும்.

2017 முதல் நார்வே தன் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, போக்குவரத்து விளக்குபோல் நிறம் கொடுக்கிறது. காட்டு மீனுக்குப் பேன் பாதிப்பு குறைவாக இருந்தால் பச்சை, உற்பத்தியை 6% கூட்டலாம். மஞ்சள் என்றால் உள்ளபடி இருக்கலாம். சிவப்பு என்றால் 6% குறைக்க வேண்டும்.

பேனைக் கொல்ல மருந்து இல்லையா?

இருந்தது. தீவனத்தில் கலந்து கொடுத்த மருந்துக்குப் பேன்கள் பழகிவிட்டன. இப்போது இயந்திர முறைகள்தான் அதிகம். மீனைக் குழாய் வழியே படகுக்கு உறிஞ்சி, ஏறத்தாழ 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் விட்டு, பேனை உதிர்க்கிறார்கள். பத்து டிகிரி நீரில் வாழ்ந்த மீனுக்கு அது என்ன வேதனை என்று யோசித்துப் பாருங்கள். 28 டிகிரிக்கு மேல் மீன்கள் வலியால் துடித்துத் தொட்டிச் சுவரில் மோதிக்கொள்வதை நார்வேயின் கடல் ஆய்வு நிறுவனமே 2019இல் பதிவு செய்திருக்கிறது. ஏற்கெனவே செவுளோ இதயமோ பலவீனமான மீன் இந்த அலைக்கழிப்பைத் தாங்குவதில்லை.

பேனைக் கொத்தித் தின்னும் சிறு மீன்களையும் கூண்டில் விடுகிறார்கள். அவற்றில் பெரும் பகுதி கூண்டுக்குள்ளேயே சாகிறது.

2023இல் நார்வேயின் கடல் கூண்டுகளில் அறுவடைக்கு முன்பே செத்த சால்மன்கள் 6.28 கோடி. நூற்றுக்கு 16.7. நாட்டின் மக்கள்தொகை 55 லட்சம் என்பதால் ஆளுக்குப் பதினொரு மீன். நூறு ஆடு வளர்ப்பவரிடம் ஆண்டுதோறும் பதினாறு செத்தால் ஊரே விசாரிக்கும். இங்கே அது ஆண்டறிக்கையில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் மனம் பொறுக்காத விஷயம் இதுதான்.

வளர்ப்பு சால்மனில் ஆன்டிபயாடிக் நிறைய இருக்குமாமே?

எந்த நாட்டு மீன் என்பதைப் பொறுத்தது. 1987இல் நார்வே கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தியது. அன்றைய உற்பத்தியும் ஏறத்தாழ 50,000 டன்தான். தொழில் பிறந்த தீவின் பெயராலேயே ‘ஹித்ரா நோய்’ என்று அழைக்கப்பட்ட பாக்டீரியா நோய் பண்ணைகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு தடுப்பூசி வந்தது. கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி. இன்று உற்பத்தி முப்பது மடங்கு ஆகியும் ஆண்டுப் பயன்பாடு பொதுவாக ஒரு டன்னுக்குக் கீழே இருக்கிறது. கால்நடை, கோழி, மீன் என்று எந்தத் துறையை எடுத்தாலும் இதற்கு ஈடான சாதனை அரிது.

சிலேயில் நிலைமை வேறு. அங்கே பரவும் ஒரு பாக்டீரியா செல்லுக்குள் ஒளிந்துகொள்வதால் தடுப்பூசி சரியாக வேலை செய்வதில்லை. 2014இல் அங்கே 560 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் போனது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான டன்னிலேயே நின்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் மனிதருக்கும் ஆபத்து என்பதால் இது மீனோடு முடியும் விவகாரம் இல்லை.

கூண்டிலிருந்து மீன் தப்பித்தால் நல்லதுதானே, கடலில் மீன் கூடுமே?

இப்படித்தான் தோன்றும். ஆனால் காட்டு சால்மன் ஒவ்வொன்றும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடுகிறது. ஒரு ஆற்றின் வெப்பத்துக்கும் ஓட்டத்துக்கும் ஏற்பப் பல்லாயிரம் ஆண்டுகளாக இசைந்த தனி மரபு அது. பண்ணை மீனோ சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டும் கலந்த குஞ்சு ஆற்றில் பிழைப்பதற்கான திறமையை இழக்கிறது. நார்வேயில் ஆய்வு செய்த ஆறுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில் பண்ணை மரபணு கலந்துவிட்டது. நாட்டுக் கோழியையும் பிராய்லரையும் கலக்கவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1980களில் நார்வே ஆறுகளுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் சால்மன் திரும்பியது. இப்போது அதில் பாதிகூட இல்லை. பண்ணை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். கடல் சூடாவதும், அணைகளும், ஒட்டுண்ணி நோயும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நார்வேயின் சொந்த அறிவியல் குழுவே தப்பிய மீனையும் பேனையும் முதன்மை அச்சுறுத்தல்களாகச் சொல்லிவருகிறது. 2021இல், அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களுக்கான நார்வேயின் சிவப்புப் பட்டியலில் காட்டு சால்மன் ஏறியது. 2024 கோடையில் 33 ஆறுகளில் தூண்டில் போடுவதை அரசு நடுப்பருவத்தில் நிறுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் துரும்ஸ் பகுதிப் பண்ணை ஒன்றிலிருந்து 27,000 மீன் தப்பியபோது, பிடித்துக் கொடுத்தால் மீனுக்கு 500 குரோனர் என்று நிறுவனம் அறிவித்தது.

ஐஸ்லாந்தில் 2023இல், கூண்டில் விழுந்த துளை வழியாகச் சில ஆயிரம் மீன் வெளியேறி ஆறுகளில் புகுந்தது. நார்வேயிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்து, ஆற்றில் இறங்கி ஒவ்வொன்றாக ஈட்டித் துப்பாக்கியால் வேட்டையாட வேண்டியிருந்தது.

சால்மனுக்குத் தீவனமே மீன்தானே? அப்படியானால் என்ன லாபம்?

சால்மன் வேட்டை மீன். கெண்டைபோல் தவிட்டைத் தின்று வளராது. 1990இல் தீவனத்தில் சுமார் 90% மீன்தூளும் மீனெண்ணெயும்தான். இன்று நார்வேயில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே. மீதி சோயா, கோதுமை, கடுகு இனத்து எண்ணெய். ஒரு கிலோ மீனுக்கு 1.2 கிலோ தீவனம் அளவுக்கே போதும், மாட்டுக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். இவை உண்மையான முன்னேற்றங்கள்.

ஆனால் விழுக்காடு குறைந்தாலும் உற்பத்தி பெருகியதால் மீனெண்ணெய்க்கான போட்டி தீரவில்லை. பெருவின் நெத்திலிதான் உலகின் மீனெண்ணெய்க்கு முதல் ஊற்று. 2023இல் எல் நினோ வந்து கடல் சூடானபோது பெரு முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. மீனெண்ணெய் விலை என்றும் காணாத உயரத்துக்குப் போனது. வடதுருவத்தை ஒட்டிய பண்ணையின் லாபம் பசிபிக் கடலின் சூட்டில் தொங்குகிறது.

இதைவிட வலிக்கும் கதை மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மவுரித்தேனியா, செனகல், காம்பியா கரைகளில் சாளை மீன்தான் ஏழைகளின் புரதம். பெண்கள் அதை வாங்கிப் புகைபோட்டு, உப்பிட்டு, காயவைத்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புவார்கள். நம் கரையோரங்களில் கருவாடு போடும் பெண்களின் பிழைப்பேதான். மீன்தூள் ஆலைகள் வந்து படகிலேயே விலைபேசி அள்ளிக்கொண்டதும் இந்தப் பெண்களுக்கு மீன் எட்டவில்லை. அந்தத் தூளும் எண்ணெயும் சீனாவின் பண்ணைகளுக்கும் போகின்றன, சால்மனுக்கு எண்ணெயாக ஐரோப்பாவுக்கும் போகின்றன. ஊரில் உண்ணக்கூடிய மீனை அரைத்து, வசதியானவர் உண்ணும் மீனாக மாற்றும்போது, தீவன விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை உணவு உற்பத்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சோயாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நார்வே தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு சோயாப் புரதம், பெரும்பகுதி பிரேசிலிலிருந்து. காடழித்த நிலத்து சோயாவை விற்கமாட்டோம் என்று நார்வேக்கு விற்கும் பிரேசில் நிறுவனங்கள் 2021இல் உறுதியளித்தன. வாங்குபவர் அழுத்திக் கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது ஒரு சான்று.

தாவர எண்ணெய் கூடியதன் விளைவு மீனிலும் தெரிகிறது. ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் 2006க்கும் 2015க்கும் இடையே ஒமேகா-3 பாதியானதாக ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பாதியானாலும் மற்ற பல மீன்களைவிட அதிகம்தான்.

கழிவு?

நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் கலைந்துபோகும். ஓட்டமில்லாத இடத்தில் அடியில் கறுப்புச் சேறாகப் படிந்து அழுகும். ஒரு தொகுதி மீனை அறுவடை செய்து அடுத்த தொகுதியை விடுவதற்கு இடையே நார்வேயில் குறைந்தது இரண்டு மாதம் இடத்தைத் தரிசாக விடவேண்டும். டாஸ்மேனியாவின் மக்குவாரி துறைமுகம் மோசமான இடத் தேர்வுக்கு உதாரணம். வாய் குறுகிய அந்த நீர்நிலையில் ஆக்சிஜன் குறைந்து, வேறெங்கும் காண அரிதான மாகியன் திருக்கை அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 2025 மார்ச்சில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அங்கே சால்மன் தொழில் தொடர வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்த ஆரஞ்சு நிறம் சாயமா?

காட்டு சால்மன் இறால் வகைகளைத் தின்பதால் வரும் அஸ்டாசாந்தின் என்ற நிறமியைப் பண்ணையில் தீவனத்தோடு சேர்க்கிறார்கள். இல்லையென்றால் சதை சாம்பல் வெளுப்பாக இருக்கும். பெயின்ட் கடையில் இருப்பதுபோல் எண் போட்ட விசிறி அட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சதையோடு ஒட்டிப் பிடித்து நிறத்தைச் சரிபார்ப்பார்கள். உடலுக்குக் கெடுதல் இல்லை.

இறைச்சியைவிடச் சால்மன் பூமிக்கு நல்லது என்கிறார்களே?

கரியமில வாயுக் கணக்கில் மாட்டிறைச்சியைவிடத் தெளிவாகவே குறைவு. கோழியோடு ஏறத்தாழச் சமம். ஆனால் இது லாரியில் ஐரோப்பாவுக்குள் போகும் மீனுக்கு. பனிக்கட்டியில் வைத்து விமானத்தில் ஆசியாவுக்கு வரும் மீனுக்குக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. உறையவைத்துக் கப்பலில் வந்தால் அந்தக் கூடுதல் சுமையில் பெரும்பகுதி இல்லை. ‘ஃபிரெஷ்’ என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு தேவைக்கு அதிகம்.

கடலை விட்டுவிட்டுத் தரையில் வளர்த்தால் என்ன?

பேன் இல்லை, தப்பிப்பது இல்லை, கழிவைச் சேகரிக்கலாம். ஆனால் கடல் இலவசமாகச் செய்துவந்த ஒவ்வொரு வேலைக்கும் மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும். நீரை மறுசுழற்சி செய்யும் வடிகட்டியில் கோளாறு வந்தால் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மீன் சாகும். மயாமிக்கு அருகே பெரிய கனவோடு கட்டப்பட்ட பண்ணை இப்படித் திரும்பத் திரும்ப இழப்பைச் சந்தித்தது. இன்னொரு சிக்கல், ஜியோஸ்மின். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான அதே பொருள் மீன் சதையில் ஏறிவிடும். அதைப் போக்க அறுவடைக்கு முன் மீனைப் பல நாள் பட்டினியாகத் தூய நீரில் விடவேண்டும். மண்ணில் மணப்பது மீனில் நாறுகிறது.

தரைப் பண்ணை மீன் விலை அதிகம் என்று குறைசொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கூண்டு மீனின் விலையில் காட்டு சால்மனின் இழப்பு சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்தால் இந்த இரண்டு விலைகளும் இன்னும் நெருங்கி வரும்.

தடைசெய்த இடங்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017 ஆகஸ்டில் ஒரு கூண்டுத்தொகுதி சரிந்து இரண்டரை லட்சம் அளவில் அட்லாண்டிக் சால்மன் பசிபிக்கில் கலந்தது. அடுத்த ஆண்டே அயல் இன வளர்ப்புக்கு முடிவுகட்டும் சட்டம் வந்தது. அர்ஜென்டினாவின் தியேரா டெல் ஃபுவேகோ, தொழில் தொடங்கும் முன்பே 2021இல் தடுத்துவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2029 ஜூன் இறுதிக்குள் திறந்த வலைக்கூண்டுகள் போகவேண்டும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அங்கே தொல்குடி மக்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். சிலருக்குப் பண்ணைதான் வேலை, சிலருக்குக் காட்டு சால்மன்தான் வாழ்வு.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

1980களில் நார்வேக்குப் போன ஈழத்தமிழர் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் காட் (cod) மீன் வெட்டும் வேலை. அந்தக் கடற்கரைகளுக்கு மீன்தொழில் என்ன பொருள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு தொடர்பு நாகப்பட்டினம். வயல்கள் இறால் குட்டைகளாகி நிலத்தடி நீர் உப்பானபோது, காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் மக்களைத் திரட்டினார்கள். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் குட்டைகளுக்குத் தடைவிதித்தது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்றும் சொன்னது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு தளர்த்திவிட்டது. சால்மன் நாடுகளில் இன்று நடக்கும் வாதத்தை நம் கரை மக்கள் முப்பதாண்டுக்கு முன்பே நீதிமன்றத்தில் வைத்துவிட்டார்கள்.

கடையில் வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்?

முதலில் அது சால்மன்தானா என்று பாருங்கள். ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது காலா மீன், சால்மனுக்கு உறவே இல்லாத நம் கடல் மீன். இறக்குமதி என்றால் எந்த நாடு, உறைந்ததா விமானத்தில் வந்ததா என்று கேளுங்கள். சான்றிதழ் முத்திரை இருந்தால் இல்லாததைவிட மேல், ஆனால் அது ஃபியோர்டு முழுவதன் பேன் கணக்கைச் சொல்லாது. ஒமேகா-3க்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், மத்தியும் அயிலையும் அதே சந்தையில், பல மடங்கு குறைந்த விலையில், எந்தத் தீவனமும் தின்னாமல் வளர்ந்து வந்திருக்கின்றன.